கூட்டுத் தொட்டியில் சண்டை: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

பல வகை மீன்களை ஒன்றாகப் போட்டு வளர்க்கும் இரண்டடி, மூன்றடி, நான்கடித் தொட்டிக்காரர்களுக்கான வழிமுறை இது. தெரிந்தவர்கள் வீட்டுத் தொட்டிகளைப் பார்த்துக்கொடுக்கப் போகும்போது அடிக்கடி காதில் விழும் புகார், "மீனுங்க அடிச்சுக்குது." அதற்குள் மெத்திலீன் ப்ளூ என்னும் நீல மருந்து ஒரு மூடி ஊற்றியாகியிருக்கும். கடிக்கிற மீன் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்போது மருந்து எதை ஆற்றும்? யார் கடிக்கிறது, எதற்காகக் கடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பல தொட்டிகள் காசு செலவில்லாமல் அடங்கிவிடும். சில தொட்டிகளில் ஒரு மீனை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மருந்து அதற்கெல்லாம் பிறகுதான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருந்தால் போதும். அம்மோனியா ஏறிய தண்ணீரில் செவுள் எரிச்சல் தாங்காமல் மீன்கள் விருட்டென்று பாயும், கல்லில் போய் உரசும், குறுக்கே வருவதை இடிக்கும். பார்ப்பவருக்கு அது சண்டையாகத்தான் தெரியும். சோதனைக் கிட் இல்லையா? குளோரின் நீக்கிய தண்ணீரில் 30 சதவீதம் மாற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். ஆட்டம் குறைந்திருந்தால் நேராக அறிகுறி 7-க்குப் போகலாம்.

அடுத்து, தொட்டிக்கு எதிரே ஆறேழு அடி தள்ளி நாற்காலி போட்டு இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். பக்கத்தில் போய் நின்றால் தீனி வரப்போகிறது என்று எல்லாம் முன்கண்ணாடிக்கு வந்து குவிந்துவிடும், அடாவடிக்காரன் உட்பட. உட்கார நேரமில்லாதவர்கள் மொபைலை எதிரே நிறுத்தி வீடியோ ஓடவிட்டுப் போங்கள். இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டால் மீன்கள் அவ்வளவாக மிரளாது.

கடைசியாக ஒரு கணக்கு. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 24க்கு 12க்கு 12 தொட்டி என்றால் ஏறக்குறைய 56 லிட்டர். மணலும் கல்லும் போக ஐம்பதுக்குள்தான் தண்ணீர். அதன் பக்கத்தில் எந்த மீன், எத்தனை, இப்போது எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள். இந்தத் தாளைப் பார்த்தே பாதி பேருக்கு விடை கிடைத்துவிடும்.

## அறிகுறி 1: வால், துடுப்பு கிழிந்திருக்கிறது

### கடியா, அழுகலா?

துடுப்பின் ஓரத்தை மட்டும் கவனியுங்கள். கடித்தது என்றால் ஒரு வாய் அளவுக்கு அரைவட்டமாகத் துண்டு போயிருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும், காலையில் முழுசாக இருந்தது மாலையில் குறைந்திருக்கும். அழுகல் என்றால் ஓரம் நெடுக வெள்ளையாகவோ சிவப்பாகவோ மாறி, நார் நாராகப் பிரிந்து, நாளுக்கு நாள் உடம்பை நோக்கி ஏறும். கடிபட்ட இடத்தில் பிறகு அழுகலும் சேர்ந்துகொள்ளும். அதனால் இரண்டும் தெரிந்தால் கடியை நிறுத்துவதில் இருந்து தொடங்குங்கள்.

### தொட்டிக்குள் இருக்கும் பொருட்கள் (செலவில்லை)

பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் செடி, பொம்மை, கல் எல்லாவற்றின் மேலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கிக்கொள்ளும் இடத்தில் துடுப்பும் சிக்கும். ஃபைட்டர், நீள வால் கப்பி, தங்கமீன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சும் வாய் திறந்திருந்தால் அதற்கு ஒரு ஸ்பாஞ்சைச் சொருகிவிடுங்கள்.

### டைகர் பார்ப், விடோ, செர்பே டெட்ரா

பொருட்களில் குற்றமில்லை என்றால் சந்தேகம் இந்த மூன்று பேர் மேல்தான். கடைகளில் இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று விற்கும் கலர் டெட்ராக்கள் பெரும்பாலும் இந்த விடோ மீன்தான். நிறம் எதுவானாலும் கடி அதே கடி.

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். தங்களுக்குள் துரத்தி, கொத்தி, யார் பெரியவர் என்று நாள் முழுக்கத் தீர்த்துக்கொண்டே இருப்பது அதன் பிழைப்பு. "ஜோடியாக இருக்கட்டும்" என்று இரண்டையோ மூன்றையோ வாங்கி விட்டால், தங்களுக்குள் காட்ட வேண்டியதை ஏஞ்சலின் நீளத் துடுப்பில் காட்டும். எட்டுக்குக் குறையாமல், முடிந்தால் பத்து இருந்தால் பெரும்பாலும் அதுகளே அதுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். தொந்தரவு செய்யும் மீனை இன்னும் அதிகமாக வாங்கச் சொல்வது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்த இனத்தில் அதுதான் வேலை செய்கிறது. இரண்டடித் தொட்டியில் ஏற்கெனவே கூட்டம் என்றால் இந்த வழி கிடையாது. பார்ப் அத்தனையையும் கொடுத்துவிடுவதுதான் வழி.

எண்ணிக்கையைக் கூட்டியும் நிற்கவில்லையா? நீளத் துடுப்பு மீன்களை, அதாவது ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி, கப்பி இவற்றை, இந்த மூன்று இனத்தோடு வைக்கவே வேண்டாம். எத்தனை பார்ப் இருந்தாலும் கௌராமியின் அந்த மீசை போன்ற நீள இழை அதுகளுக்குப் புழுவாகத்தான் தெரியும் போல.

### ஃபைட்டர் தனியாக இருந்தும் வால் குறைகிறது

தன் வாலைத் தானே கடிக்கிறது. பெரிய வால் இனங்களில் சகஜம். கண்ணாடியில் தன் பிம்பம் தெரிகிறதா, ஃபில்டர் ஓட்டம் வேகமாக இருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் குறைத்துவிட்டு, வாலைத் தொடாமல் விடுங்கள்.

### துடுப்பு திரும்ப வளருமா?

வளரும். புதிதாக வளரும் பகுதி முதலில் நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து போடுகிறார்கள். வேண்டாம். கடி துடுப்பின் அடிவரை, சதை தெரியும்படி போயிருந்தால் மட்டும் அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி 2: ஒரே மீன் எல்லாவற்றையும் விரட்டுகிறது

### திடீரென்று ஆரம்பித்ததா?

நேற்றுவரை சாதுவாக இருந்த ஏஞ்சல் இன்றைக்கு எல்லாரையும் ஒரு மூலைக்குத் தள்ளுகிறது என்றால், அநேகமாக முட்டை. ஃபில்டர் குழாய், ஹீட்டர், அகலமான இலை, சாய்ந்த கல் இவற்றில் ஏதாவது ஒன்றை இரண்டு ஏஞ்சல்கள் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்கின்றனவா என்று பாருங்கள். வயிற்றுக்குக் கீழே சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லை. முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், குஞ்சு நீந்தத் தொடங்க அதற்கு மேல் கிட்டத்தட்ட ஒரு வாரம். அதுவரை இரண்டு பேரும் அந்த இடத்தைக் காவல் காக்கும். முட்டை வேண்டாதவர்கள் அந்தக் கல்லையோ இலையையோ எடுத்துவிட்டால் அன்று மாலையே தொட்டி அடங்கும். ஆனால் ஜோடி சேர்ந்த ஏஞ்சல் சில வாரங்களில் மறுபடி முட்டையிடும். திரும்பத் திரும்ப இதே கதை என்றால் ஜோடிக்குத் தனித் தொட்டி, இல்லையென்றால் ஜோடியை யாருக்காவது கொடுப்பது. கான்விக்ட் சிக்லிட் ஜோடி சேர்ந்தால் இந்த ஆறஅமர யோசனைக்கெல்லாம் நேரமில்லை. இரண்டடித் தொட்டியில் மற்ற மீன்களை அன்றைக்கே வெளியே எடுங்கள்.

### ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா?

அப்படியென்றால் இடச் சண்டை. மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

உள்ளலங்காரத்தைக் கலைத்து மாற்றுவது முதல் வேலை. கல், கட்டை, செடி எல்லாவற்றையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். "இது என் மூலை" என்று அந்த மீன் வைத்திருந்த அடையாளம் போய்விடுவதால் எல்லாரும் ஒரே நேரத்தில் புதியவர்கள் ஆகிறார்கள். பார்வையை மறைப்பது இரண்டாவது. வெறும் மணலும் பின்னால் ஒரு போஸ்டரும் மட்டும் இருக்கும் தொட்டியில் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறு முனை வரை தெரியும், விரட்டப்படும் மீனுக்கு ஒதுங்க இடமிருக்காது. நடுவில் உயரமாக ஒரு கட்டை, பக்கவாட்டில் அடர்த்தியாகச் செடி, கீழே நான்கைந்து பொந்து. மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டு, கவிழ்த்து வைத்த சின்ன மண் பூந்தொட்டி, ஓட்டை போட்டு நிறம் இறங்கும்வரை பலமுறை வேகவைத்த கொட்டாங்குச்சி, எதுவும் ஆகும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வழி இருந்தால் நல்லது. ஒரே வழி இருந்தால் விரட்டிய மீன் வாசலில் வந்து நின்றுகொள்ளும், உள்ளே போனது மாட்டிக்கொள்ளும்.

இதற்கும் மசியாத மீனை வலைப்பெட்டியிலோ வேறு வாளியிலோ ஒரு வாரம் தனியே போடுங்கள். அடிபடும் மீனைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். அதை எடுத்தால் அடுத்த இளிச்சவாயன் மேல் கை வைக்கும், அவ்வளவுதான். அடிக்கிற மீன் ஒரு வாரம் இல்லாதபோது மற்றவை தங்களுக்குள் இடம் பிரித்துக்கொள்ளும். அது திரும்பி வரும்போது கடைசியாக வந்த புதிய ஆள் ஆகிவிடும்.

### இனமே அப்படியா?

சில மீன்களுக்கு மேலே சொன்ன எதுவும் செல்லாது. ரெட் டெயில் ஷார்க், ரெயின்போ ஷார்க் இரண்டும் உண்மையில் சுறா கிடையாது, ஆனால் குணம் அப்படித்தான். தொட்டிக்கு ஒன்றுதான், அதுவும் மூன்றடிக்குக் குறையாமல், அடித்தளத்தில் போட்டிக்கு வேறு மீன் இல்லாமல். ஒன்றை வைத்திருப்பவர் "துணைக்கு" இன்னொன்று வாங்குவதும், கொஞ்ச நாளில் ஒன்று மட்டும் மிஞ்சுவதும் வழக்கமாக நடப்பது. ப்ளூ கௌராமி ஆண் வளர வளரக் கெடுபிடி கூடும். அமைதியான கௌராமி வேண்டுமென்றால் பேர்ல் கௌராமி. கிஸ்ஸிங் கௌராமி இரண்டும் உதட்டோடு உதடு வைத்துத் தள்ளிக்கொள்வதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் ரசிப்பார்கள். அது முத்தமில்லை, பலப்பரீட்சை.

ஃபிளவர்ஹார்ன் கூட்டுத் தொட்டி மீனே அல்ல. வாஸ்துவுக்காக வாங்கியவர்கள் அதற்கென்றே ஒரு தொட்டி வைத்துவிடுங்கள். ஆஸ்கார் ஒரு அடி வளரும். சின்ன ஆஸ்காரையும் கப்பியையும் ஒரே பையில் போட்டுத் தரும் கடைக்காரரிடம் அடுத்த முறை வாங்காதீர்கள்.

ஆப்பிரிக்கன் சிக்லிட் என்று விற்கும் மலாவி ஏரி மீன்களுக்கு மட்டும் விதி தலைகீழ். இரண்டு மூன்று போட்டால் பலமானது மற்றவற்றைக் கொன்றுவிடும். நான்கடித் தொட்டியில் நிறைய கல் அடுக்கி, ஒரே அளவில் இருபது வரை நெருக்கமாக விட்டால் எந்த ஒன்றாலும் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அடி ஒரே மீன் மேல் விழாமல் பரவிவிடும். அதற்கேற்ற ஃபில்டரும் வாராவாரம் தண்ணீர் மாற்றமும் வேண்டும். நம் ஊர்க் கடினமான போர் தண்ணீர் இந்த ஒரு விஷயத்தில் வசதி, அதுகளுக்கு அதுதான் பிடிக்கும். நியான், ஏஞ்சல் கூட்டத்தில் இவற்றைச் சேர்க்காதீர்கள்.

### யாருமில்லாத இடத்தைப் பார்த்து முட்டுகிறதா?

பக்கக் கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடு சண்டை. அறை இருட்டாகவும் தொட்டி வெளிச்சமாகவும் இருக்கும்போது அதிகம் நடக்கும். அந்தப் பக்கத்தில் வெளியே கறுப்புச் சார்ட் ஒட்டிப் பாருங்கள். சில நேரம் கறுப்பு பிம்பத்தைக் கூட்டிவிடும். அப்போது வெளிர்நிறத் தாளுக்கு மாறுங்கள், அல்லது அறை விளக்கைப் போட்டு வையுங்கள்.

## அறிகுறி 3: புது மீனை விட்டதும் அடி விழுகிறது

பழைய மீன்களுக்குத் தொட்டி சொந்த வீடு. புதியது பயண அலுப்போடு, நிறம் வெளிறி, தனியாக வருகிறது.

விட்டாகிவிட்டது, இப்போது அடிக்கிறது என்றால்: உடனே தொட்டி விளக்கை அணையுங்கள், பழைய மீன்களுக்குத் தீனி போடுங்கள். பெரும்பாலான நாட்களில் அன்றைய இரவைத் தாண்ட இது போதும். மறுநாள் காலையிலும் துரத்தினால் கல், செடி இடம் மாற்றுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் புது மீனைப் பிரீடிங் பாக்ஸிலோ வலைப்பெட்டியிலோ அதே தொட்டிக்குள் நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். பார்க்கலாம், தொட முடியாது. பெட்டியை முட்டிக்கொண்டே இருந்த பழைய மீன் சலித்துப்போய் விலகிய பிறகு திறந்துவிடலாம். ஐந்தாம் நாளும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தால் அந்த இரண்டும் ஒத்துப்போகாது. கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று அப்போதே கேளுங்கள்.

இனிமேல் வாங்கும்போது மாலையில் விடுங்கள், ஒன்றாக இல்லாமல் மூன்று நான்காக விடுங்கள், முடிந்தால் உள்ளே இருப்பவற்றின் அளவுக்குச் சமமான மீனை வாங்குங்கள். அடாவடி இனம் எது வாங்கினாலும் அது கடைசியாகத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். வேறொரு தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து, நோய் இல்லை என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பது இன்னும் நல்லது. புது மீன் அடி வாங்கிச் சோர்ந்தால் முதலில் வருவது வெண்புள்ளி நோய், அது எல்லாருக்கும் பரவும்.

## அறிகுறி 4: ஒரு மீன் ஒதுங்கியே நிற்கிறது, சாப்பிடவில்லை

மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால், அல்லது ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அடிக்கு ஒதுங்குகிறதா, நோயா என்று வெறும் கண்ணால் சொல்வது கஷ்டம். அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதே தொட்டித் தண்ணீரில், அதே தொட்டிக்குள், வலைப்பெட்டியில் அந்த மீனைப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கொஞ்சம் ரத்தப்புழுவோ நன்றாகப் பொடித்த பெல்லட்டோ போடுங்கள். துடுப்பை விரித்துச் சாப்பிட்டால் வெளியே யாரோ மிரட்டுகிறார்கள், அறிகுறி 2-க்குப் போங்கள். பெட்டிக்குள்ளும் சாப்பிடாமல் மூச்சு வாங்கினால் நோய் அல்லது தண்ணீர்.

கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சோதனையே தேவையில்லை. ஆண் பெண் எண்ணிக்கையைப் பாருங்கள். நிறத்துக்காக ஆண்களாகவே பொறுக்கி வாங்கி, கூட ஒன்றிரண்டு பெண் போட்டிருப்பார்கள். அந்தப் பெண் மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று மாற்றுங்கள், அல்லது ஆண்கள் மட்டும் இருக்கட்டும். ஸ்வார்ட் டெயிலில் இரண்டு ஆண் இருந்தால் ஒன்று மற்றதை ஓட ஓட விரட்டும். ஒன்றுதான், இல்லையென்றால் ஐந்தாறு.

நியான், கோரி, ரஸ்போரா மாதிரி கூட்ட மீன்கள் இரண்டு மூன்றாக இருந்தால் யாரும் அடிக்காமலே ஒளிந்துகொள்ளும். ஆறாக்குங்கள்.

தீனிச் சண்டையும் இதில் ஒரு வகை. டேனியோ, பார்ப், மிஸ் கேரளா போன்ற வேக மீன்கள் போட்ட தீனியைக் கீழே இறங்கவே விடாது. ஒரு முனையில் மிதக்கும் தீனியைப் போட்டு அவற்றை இழுத்துவிட்டு, மறு முனையில் மூழ்கும் பெல்லட்டைப் போடுங்கள். அடித்தளத்தில் மேயும் கோரிக்கும் லோச்சுக்கும் விளக்கு அணைத்த பிறகு போடுவது உத்தமம்.

## அறிகுறி 5: எண்ணிக்கை குறைகிறது, உடம்பு கிடைக்கவில்லை

முதலில் தரையைப் பாருங்கள். தொட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், சுவரோரம். விரட்டப்படும் மீன் எகிறிக் குதிக்கும். மூடியில் வயருக்காக விட்ட சந்து அதற்குப் போதும். அப்புறம் டாப் ஃபில்டர் பெட்டி, ஸ்பாஞ்சின் அடிப்பக்கம், கட்டையின் பொந்து. அங்கேயும் இல்லையென்றால் உள்ளேயே யாரோ தின்றிருக்கிறார்கள். கொன்று தின்றதா, இறந்த பிறகு தின்றதா என்பது வேறு விஷயம். நியான் அளவு மீன் இரவில் இறந்தால் நத்தையும் மற்ற மீன்களும் காலைக்குள் தீர்த்துவிடும். அதனால் யாரையும் குற்றம் சாட்டும் முன் மீதியுள்ளவை நலமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மீதியெல்லாம் கொழுகொழுவென்று இருந்து, சின்னதில் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்தால், வாய்க் கணக்கு. எந்த மீனின் வாய்க்குள் எது நுழைகிறதோ அது அதற்குச் சாப்பாடு. ஏஞ்சலும் நியானும் இதற்கு நல்ல உதாரணம். வாங்கும்போது ஏஞ்சல் ஒரு ரூபாய் நாணயம் அளவு, இரண்டும் அழகாகச் சேர்ந்து நீந்தும். சில மாதத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அளவு ஆகும், நியான் அதே விரல்நுனி அளவிலேயே நிற்கும். ஒரு நாள் விடியற்காலையில் ஆரம்பிக்கும். நியானுக்குப் பதிலாகக் கொஞ்சம் உயரமான உடம்புள்ள பெரிய டெட்ராவை வையுங்கள், விடோவைத் தவிர.

ஷார்க் என்று விற்கும் வெள்ளி நிற பங்காசியஸ் இன்னொன்று. இரண்டு அங்குலத்தில் வாங்கலாம், ஆனால் உணவுக்காகக் குளங்களில் வளர்க்கும் மீன் அது. மூன்றடிக்கு மேலும் வளரும். எந்த வீட்டுத் தொட்டிக்கும் ஏற்றதல்ல. பிக்டஸ் போன்ற மீசைக் கெளுத்திகள் பகலில் பொந்தில் படுத்திருந்து இரவில் வேட்டையாடும், சிவப்புத் தாள் டார்ச் இதற்காகத்தான். நண்டு, கிரேஃபிஷ் இருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்.

## அறிகுறி 6: உடம்பில் பக்கவாட்டில் வெளிறிய வட்டம், செதில் உரிந்த இடம்

ஏஞ்சல், தங்கமீன், டிஸ்கஸ் மாதிரி தட்டையான அல்லது மெதுவாக நகரும் மீனின் விலாவில் வட்டமாகத் தோல் உரிந்திருந்தால், கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கிய மீனைச் சந்தேகியுங்கள். இதில் ஒரு ஆள்மாறாட்டம் நடக்கிறது. கடைகளில் கோல்டன் சக்கர், அல்ஜி ஈட்டர் என்று மஞ்சள் நிறத்தில் ஒல்லியாக ஒன்று விற்பார்கள். அது சைனீஸ் அல்ஜி ஈட்டர். சின்னதில் பாசி தின்னும். அரை அடியை நெருங்கும்போது பாசியில் ஆர்வம் போய், மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பை உறிஞ்சும். கறுப்பாக, முள்துடுப்போடு இருக்கும் சாதாரணச் சக்கரும் பட்டினி கிடந்தால் தங்கமீன் மேல் ஏறும்.

இரவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரணச் சக்கர் என்றால் விளக்கு அணைத்ததும் ஒரு வெள்ளரித் துண்டையோ சுரைக்காய்த் துண்டையோ வேகவைத்துக் கல்லில் கட்டிப் போட்டுப் பாருங்கள், வயிறு நிறைந்தால் நிறுத்திவிடலாம். அதுவும் ஒரு அடியைத் தாண்டும் மீன் என்பதை மறக்க வேண்டாம். சைனீஸ் அல்ஜி ஈட்டர் என்றால் பேச்சே இல்லை, வெளியே எடுத்துவிடுங்கள். பாசிக்கு நெரைட் நத்தையும், விளக்கு நேரத்தை எட்டு மணி நேரத்துக்குள் குறைப்பதும் போதும்.

வட்டமாக இல்லாமல், முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டது போல வெண்திட்டு பரவினால் அது யாரும் உறிஞ்சியதல்ல. காலம்நாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். வேகமாகக் கொல்லும், வெப்பமான தண்ணீரில் இன்னும் வேகம். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 7: நெடுநாள் அமைதியாக இருந்த தொட்டி மொத்தமாகக் கெட்டுப்போனது

ஒரு மீன் இல்லை, எல்லாமே சிடுசிடுவென்று இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி: சமீபத்தில் என்ன மாறியது?

ஏப்ரல், மே என்றால் வெயில். மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சூடு ஏற ஏற மீனுக்குப் பசியும் பரபரப்பும் கூடும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர் மேல் டேபிள் ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி வரை இறங்கும், தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். ஏர் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். மின்வெட்டு அடிக்கடி என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்ல முதலீடு.

தண்ணீர் வரத்து மாறியதா? வழக்கமாகக் குழாய்த் தண்ணீர், இந்த வாரம் லாரித் தண்ணீர் என்றால் குளோரின், கடினத்தன்மை எல்லாமே வேறு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினார்களா? அதிலிருந்த நல்ல பாக்டீரியா போயிருக்கும், அம்மோனியாவைப் பாருங்கள். ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தீனி போட்டாரா? அளவுக்கு மீறிப் போட்டிருந்தால் அதிலும் அம்மோனியாதான்.

ஒன்றுமே மாறவில்லை என்றால் மீன்கள் வளர்ந்திருக்கின்றன. முதலில் எழுதிய தாளில் உள்ள நீளங்களையும் லிட்டரையும் மறுபடி பாருங்கள். மூன்று அங்குல மீன் இருபது இருக்கும் இரண்டடித் தொட்டியில் எந்தக் கல்லை எங்கே மாற்றினாலும் பயனில்லை. பெரிய தொட்டி, அல்லது குறைவான மீன்.

## செலவு கூடும் இடம்

கலைத்து வைத்தல், தனியே போடுதல், எண்ணிக்கை சரிசெய்தல் எதுவும் பலிக்கவில்லை என்றால் அடுத்தது தடுப்பு. ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டையோ பிளாஸ்டிக் வலைச் சட்டத்தையோ தொட்டி அகலத்துக்கு வெட்டி நிறுத்தலாம். இரு பக்கமும் தண்ணீர் ஓட்டம் இருக்க வேண்டும், ஹீட்டரும் ஃபில்டரும் ஒரு பக்கமே மாட்டிக்கொள்ளக் கூடாது. சிலிக்கான் போட்டு நிரந்தரமாக ஒட்ட வேண்டும் என்றால் தொட்டி செய்பவரைக் கூப்பிடுங்கள். நாமே ஒட்டினால் பக்கக் கண்ணாடி மூட்டில் கத்தி பட்டு ஒழுகும் ஆபத்து உண்டு.

தடுப்புக்கும் மேலே, இரண்டாவது தொட்டி. அதற்கு இடமில்லாதவர்கள் மீனைக் கொடுத்துவிடுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. அங்கே பெரிய மீனை எடுத்துக்கொண்டு சின்ன மீன் தரும் கடைகளைக் கேட்டால் கிடைக்கும். மற்ற ஊர்களில் வாங்கிய கடையிலேயே பேசிப் பாருங்கள். ஏரியிலோ கிணற்றிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். வீடுகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பிய சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழிப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

## எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

காயம் பட்ட மீனைத் தனி டப்பில், காற்றோடு, தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்து வைத்தால் சாதாரணக் கடிகள் ஆறிவிடும். கோரி, லோச் வகைகளுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது, பாதியாகக் குறையுங்கள். மெத்திலீன் ப்ளூ போடுவதென்றாலும் இந்த டப்பில்தான். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா போய், சிலிக்கான் நீலமாகி, அம்மோனியா ஏறிச் சண்டை இன்னும் கூடும்.

மூன்று நாளில் காயம் சிவந்து பரவினால், பஞ்சு பஞ்சாக வளர்ந்தால், சேண வெண்திட்டு தெரிந்தால், கண் வீங்கிப் பிதுங்கினால், செதில்கள் சிலிர்த்து நின்றால், அல்லது அடிபடாத மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் அது சண்டையின் எல்லையைத் தாண்டிவிட்டது. கடைக்காரர் தரும் ஆன்டிபயாட்டிக் கேப்சூலைக் கைக்கு வந்தபடி போடாதீர்கள். மீன்வள நோய் பார்ப்பவரிடம் காட்டுங்கள். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னை மாதவரத்தில் நீர்வாழ் உயிரின நோய் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தூத்துக்குடி, பொன்னேரி போன்ற ஊர்களில் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

போகும்போது இறந்து மணிக்கணக்கான மீன் எதற்கும் உதவாது, உயிரோடு துவண்டிருக்கும் மீன்தான் வேண்டும். அதைத் தொட்டித் தண்ணீரிலேயே பையில் போட்டு, தனியாக ஒரு பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மீன், நீளம், லிட்டர் என்று முதலில் எழுதிய அந்தத் தாள், மொபைலில் எடுத்த வீடியோ, இதுவரை என்னென்ன மருந்து எந்தத் தேதியில் ஊற்றினீர்கள் என்ற பட்டியல்.